குற்றம் சொல்லாத மனு

மாதத்தில் ஒரு நாள் ஜமுனாமரத்தூரில் இலவச சட்ட உதவி முகாம் நடக்கும். போளூரில் வக்கீல் தொழில் செய்யும் எங்களில் யாராவது ஒருவர் மலைக்குப் போய் உட்கார வேண்டும். மற்றவர்கள் ஒவ்வொருவராக நழுவிக்கொண்டதில் அந்த வேலை என் தலையில் வந்து நின்றுவிட்டது. ஐம்பது வயதைத் தாண்டி, முழங்கால் தேய்ந்து, அத்திமூர் தாண்டியதும் பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டு வருகிற ஒருத்தி நான். ஆர்வத்தோடு போனேன் என்று சொன்னால் பொய். என்னால் முடியாது என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பதற்குக்கூட அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

முகாமுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பட்டா, சாதிச் சான்றிதழ், அண்ணன் தம்பிக்குள் எந்தப் புளியமரம் யாருக்கு என்ற தகராறு, இவற்றோடுதான் வருவார்கள். அன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கப் போன நேரத்தில், கறுப்பு புர்கா போட்ட ஒரு பெண் வந்து எதிரே உட்கார்ந்தாள். முப்பதுக்கு ஒன்றிரண்டு கூட இருக்கும். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே சின்னத் தையல் கடை வைத்திருப்பவள். வந்து போகும்போதெல்லாம் மெஷினுக்கு மேல் குனிந்த அவள் தலையைப் பார்த்திருக்கிறேன். மலையில் முஸ்லிம் குடும்பங்கள் மூன்றோ நான்கோதான். எல்லாம் வியாபாரத்துக்காகக் கீழேயிருந்து ஏறி வந்தவை.

"எனக்கு குலா வேணும் மேடம்," என்றாள்.

கணவன் கொடுக்கும் மணவிலக்கு தலாக். மனைவி கேட்டு வாங்குவது குலா. சட்டக் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்க முஸ்லிம் சட்டம் படித்திருக்கிறேன். படவேட்டுப் பக்கம் கரும்பு போடுகிற குடும்பத்திலிருந்து வந்த எனக்கு அது பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பாடம். அதற்கு மேல் அதைப் பற்றி நான் யோசித்ததில்லை.

"உங்க வூட்டுக்காரரு இன்னா பண்றாரு?"

"புளி, சாமை, தேனு எல்லாம் மலைக்காரங்க கிட்ட வாங்கி கீழ அனுப்புறாருங்க."

"குடிப்பாரா?"

"தொட்டதே இல்லைங்க."

"அடிப்பாரா?"

"ஒரு நாளும் கை வெச்சதில்லைங்க."

"வேற பொம்பளை யாராவது?"

"அய்யோ, இல்லவே இல்லைங்க."

"செலவுக்குக் குடுக்காம இருக்காரா?"

"எல்லாம் குடுக்கறாரு."

பேனாவை மூடினேன். "அப்புறம் எதுக்கும்மா?"

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அவரு கால் சத்தம் வாசல்ல கேட்டா எனக்கு வவுறு இறுகுதுங்க. பன்னெண்டு வருசமா இப்படித்தான். அவர் மேல தப்பே இல்ல. ஆனா இறுகுது. பழகிடும், பழகிடும்னு எங்கம்மா சொன்னாங்க. பழகல. இதுக்கு உங்க சட்டத்துல இன்னா பேருங்க?"

பேர் எதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதை அவளிடம் சொல்லாமல், போளூரில் என் அலுவலகம் எங்கே இருக்கிறது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். இந்த மாதிரி வருகிறவர்களில் பாதிப் பேர் திரும்பி வர மாட்டார்கள். இவளும் வர மாட்டாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்தபோது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அடுத்த வாரமே வந்தாள்.

அவளுக்காக மனு ஒன்றைத் தயார் செய்து வைத்திருந்தேன். தயார் செய்தேன் என்பதைவிடப் பழைய மனுவில் பெயரையும் சட்டப் பிரிவையும் மாற்றினேன் என்பதுதான் சரி. 'எதிர்மனுதாரர் மனுதாரரைத் தகாத வார்த்தைகளால் திட்டியும், அடித்தும், உடலளவிலும் மனதளவிலும் கொடுமைப்படுத்தியும் வந்தார்.' இருபத்தைந்து வருடமாக இந்த வாக்கியத்தை எழுதிவருகிறேன். உண்மையாகவே அடிபட்டவர்களுக்கும் இதுதான், அடிபடாதவர்களுக்கும் இதுதான். முஸ்லிம் பெண்களுக்கான திருமண முறிவுச் சட்டத்தில் கணவனின் கொடுமை ஒரு காரணமாக இருக்கிறது. அந்த வழியில் போனால் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டார்கள்.

அவள் இரண்டு முறை படித்தாள்.

"இது யாருங்க மேடம்?"

"உன் வூட்டுக்காரர்தான்."

"அவர் அடிக்கலீங்களே."

"தெரியும்மா. கோர்ட்டுக்கு ஒரு காரணம் வேணும். எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க. அது ஜட்ஜுக்கும் தெரியும்."

"எம் பொண்ணுக்கு எட்டு வயசுங்க. நாளைக்கி பெருசாகி இதைப் படிக்கும். அத்தா அம்மாவ அடிச்சாருன்னு நெனச்சிக்கும். இதுல நான் கையெழுத்துப் போட மாட்டங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. காலையிலிருந்து மூன்று வழக்குகள் தள்ளிப்போன நாள் அது. "அப்படின்னா உனக்கு எதுவும் கெடைக்காது. போய் அவரோடயே குடும்பம் நடத்து," என்றேன். அவள் காகிதங்களின் ஓரத்தைத் தட்டி ஒன்றாக அடுக்கி என் மேசையில் வைத்துவிட்டு, "வர்றேங்க" என்று சொல்லிப் போய்விட்டாள்.

மனசாட்சி உறுத்தியது என்று பெரிய வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கட்சிக்காரர் என் வாக்கியத்தை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. இரண்டு நாள் அந்தக் காகிதங்கள் அவள் அடுக்கி வைத்தபடியே மேசையில் கிடந்தன. மூன்றாம் நாள் அவளுக்கும் அவள் கணவருக்கும் நிக்காஹ் நடத்திவைத்த பள்ளிவாசல் இமாமை, எல்லோரும் ஹஜரத் என்று கூப்பிடுகிறவரை, பார்க்கப் போனேன். அறுபது வயதிருக்கும். ஆஸ்துமாக்காரர். இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை மூச்சுவாங்க நிறுத்துவார். அவளைத் திட்டப்போகிறார், நான் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும் என்று எண்ணிக்கொண்டு போயிருந்தேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு, "நீங்க ஏம்மா அவகிட்ட காரணம் கேட்டீங்க?" என்றார்.

"காரணம் இல்லாம எப்படிங்க ஹஜரத்?"

"குலாவுக்குப் புருசன் மேல குத்தம் இருக்கணும்னு இல்லம்மா. நபியவங்க காலத்துலயே ஒரு அம்மா வந்து, எம் புருசன் குணத்துல கொறை இல்ல, மார்க்கத்துல கொறை இல்ல, ஆனா என்னால அவரோட இருக்க முடியலன்னு சொல்லியிருக்காங்க. மஹரா வாங்கின தோட்டத்தைத் திருப்பிக் குடுத்துட்டுப் பிரிஞ்சி போயிருக்காங்க. நிக்காஹ் அன்னிக்கி புருசன் குடுத்த மஹரைத் திருப்பிக் குடுக்கணும், அவனும் ஒத்துக்கணும். அவ்வளவுதான்."

அவள் என்னிடம் கேட்ட கேள்விக்கான பதில், நான் மனப்பாடம் செய்து மறந்த பாடத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது.

"அப்ப நீங்களே எழுதிக் குடுத்துடலாமே?"

அவர் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. "நாங்க குடுக்கிற காயிதம் மட்டும் செல்லாது, குடும்பக் கோர்ட்டுக்குத்தான் வரணும்னு உங்க ஹைகோர்ட்டே சொல்லிட்டாங்களே. நீங்கதான் பாக்கணும். எனக்கும் பாதி தலைவலி கொறஞ்சிது."

இருந்தாலும் இருவரையும் ஒருமுறை கூப்பிட்டுப் பேசிவிடலாம் என்றார். பள்ளிவாசலை ஒட்டிய அறையில் ஜமாத்துக் கமிட்டி ஆட்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அன்றுதான் அவள் கணவரைப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். பெரிய உடம்பு, அதற்குப் பொருந்தாத மெல்லிய குரல். நகக்கண்ணில் புளிக்கறை. கமிட்டி ஆட்கள் அவளிடம் கேட்டார்கள்: குடிக்கிறானா, அடிக்கிறானா, வேற தொடுப்பு இருக்கா, செலவுக்குக் குடுக்கலையா? நான் கேட்ட அதே கேள்விகள், ஏறக்குறைய அதே வரிசையில். என் குரலை ரேடியோவில் கேட்பதுபோல இருந்தது. அவள் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றாள்.

கணவர் ஹஜரத்தைப் பார்த்துச் சொன்னார்: "அவ கேட்டா நான் குடுத்துடறேங்க. புடிச்சி வெச்சிக்கறதுக்கு அவ இன்னா மூட்டையா? ஆனா நான் பண்ண தப்பு இன்னான்னு சொல்லட்டும். நாலு பேரு கேப்பாங்க. எனக்கே தெரியலன்னா நான் இன்னாங்க சொல்றது?"

அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். கமிட்டி ஆட்கள் பதினைந்து நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்றார்கள். பிறகு இன்னொரு பதினைந்து நாள். அதன் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

நான் புதிதாக ஒரு மனு எழுதினேன். எதிர்மனுதாரர் மீது மனுதாரருக்கு எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. அவருடன் சேர்ந்து வாழ மனம் ஒப்பவில்லை. மஹராகப் பெற்ற தங்கச் சங்கிலியைத் திருப்பித் தரச் சம்மதிக்கிறார். ஒன்றரைப் பக்கம்தான். "நடுவுல ஒரு பாரா வுட்டுப்போச்சா மேடம்?" என்று டைப் அடித்த பெண் கேட்டாள். நீதிமன்ற அலுவலகத்திலும் அதேதான். எந்தக் காரணத்தின் பேரில் என்று கேட்டு இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். இரண்டு முறையும் விளக்கம் எழுதி, படியேறி, மறுபடி தாக்கல் செய்தேன். அந்தப் படிகளில் ஏறும்போது, பழைய வாக்கியத்தையே போட்டிருந்தால் இந்நேரம் பாதி வழக்கு முடிந்திருக்கும் என்று நினைத்ததை மறைக்க விரும்பவில்லை.

குடும்ப நீதிமன்றம் மாவட்டத் தலைநகரில். மலையிலிருந்து நேரத்துக்கு வந்து சேர வேண்டுமானால் ஒரே ஒரு பஸ்தான். அதைப் பிடித்துப் போளூருக்கு வந்து, அங்கே வேறு பஸ் மாற வேண்டும். முதல் வாய்தா அன்று நான் நீதிமன்ற வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பஸ்ஸிலிருந்து முதலில் அவர் இறங்கினார். கையில் அவளுடைய சாப்பாட்டுப் பை. பின்னாலேயே அவள்.

"இன்னாம்மா, ரெண்டு பேரும் ஒண்ணாவா வந்தீங்க?"

"அந்த ஒரு பஸ்தானே மேடம் கீது," என்றாள்.

அன்று நீதிபதி விடுப்பு. அடுத்த முறை வக்கீல்கள் புறக்கணிப்பு. அதற்கடுத்த முறை, எதிர்மனுதாரருக்கு அனுப்பிய சம்மன் திரும்பி வரவில்லை என்று தள்ளிவைத்தார்கள். எதிர்மனுதாரர் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் இருவரும் வந்த வழியே ஒன்றாகத் திரும்பினார்கள். பஸ்ஸில் அவள் பெண்கள் பக்கம் உட்காருவாள், அவர் பின்னால் உட்காருவார். பேசிக்கொண்டார்களா என்று தெரியாது. அவர் வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. "அவளுக்கு எதிரா நான் இன்னா பேசப் போறேன்?" என்றாராம்.

ஒருநாள் வராந்தாவில் என்னிடம் வந்தார். "நீங்க படிச்சவங்க மேடம். உங்களுக்காவது தெரியுமா, நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"நான் அவங்க வக்கீல். இந்த விசயம் நான் உங்ககிட்ட பேசக் கூடாதுங்க," என்றேன். அது சரியான பதில்தான். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் ஃபைலைப் புரட்டினேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய், எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். எனக்கும் ஒன்று. நான் குடித்தேன்.

ஒருவழியாக ஆலோசகரிடம் அனுப்பினார்கள். சின்ன வயதுப் பெண், பொறுமைசாலி. மகளையும் அழைத்துவரச் சொல்லியிருந்தார். இரட்டைப் பின்னல், பள்ளிச் சீருடையோடே வந்திருந்தது குழந்தை. ஹஜரத் சொன்னபடி பார்த்தால் பெண் குழந்தை வயதுக்கு வரும்வரை தாயிடம் இருக்கலாம். நீதிமன்றமோ குழந்தைக்கு எது நல்லது என்றுதான் முதலில் பார்க்கும். அந்தப் பிடிமானத்தில் நான் வாதங்களை எழுதி வைத்திருந்தேன். ஆலோசகர் குழந்தையிடம், யாரோடு இருக்கப் பிடிக்கும் என்று சுற்றி வளைத்துக் கேட்டார்.

"இஸ்கூல் மாறணுமா?" என்று கேட்டது குழந்தை.

அவள் மலையை விட்டுப் போளூரில் அக்கா வீட்டருகே குடிவர நினைத்திருந்தாள். மாறத்தான் வேண்டும். குழந்தை தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தது. "புள்ள அம்மாகிட்டயே இருக்கட்டுங்க," என்றார் அவர். "என்னை மறக்காம இருந்தா போதும்."

அப்போதுதான் அவள், அவரோடு தனியாகப் பேச வேண்டும் என்றாள். நான் வேண்டாம் என்றேன். தனியறையில் மனசு மாறி மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டு போன பெண்களையும், அதில் சிலர் மறுபடி காயத்தோடு வந்ததையும் பார்த்தவள் நான். அவள் கேட்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருவரும் உட்கார்ந்தார்கள். இந்தப் பக்கம் பெஞ்சில் குழந்தையும் நானும். குழந்தை என் கறுப்பு கோட்டின் பொத்தானைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்று தளர்ந்திருக்கிறது, அம்மாவிடம் கொடுத்தால் தைத்துத் தருவாள் என்றது. உள்ளே அவள் பேசுவது தெரிந்தது. அவர் மேசையைப் பார்த்தபடி இருந்தார். ஒருமுறை கையை உயர்த்தி, எதற்கென்று மறந்துபோனதுபோல் இறக்கிக்கொண்டார். அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

வெளியே வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. "எழுதிக்கங்க மேடம். நான் ஒத்துக்கறேன்," என்றார்.

பிறகு அவளிடம் கேட்டேன், என்ன சொன்னாய் என்று.

"உங்ககிட்ட சொன்னதைத்தாங்க. மொதல்ல அவர்கிட்டதான் சொல்லியிருக்கணும். நொந்துபோவாருன்னு பயந்துட்டேன்."

"அவர் இன்னா சொன்னாரு?"

"இத்தினி வருசம் ஏன் சொல்லலன்னு கேட்டாரு."

அந்த வாரமே ஹஜரத் முன்னால் சங்கிலியைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் கை நீட்டவில்லை. "அவ கழுத்துலயே இருக்கட்டும் ஹஜரத்" என்றார். "நீ வாங்கினாத்தான்பா இது முடியும். வாங்கிக்க," என்றார் ஹஜரத். வாங்கி, வைக்க இடம் தெரியாமல், எடை போட்ட சீட்டுகளும் பேனாவும் இருந்த சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார். மணவிலக்குக்குச் சொல்ல வேண்டிய வார்த்தைகளை ஹஜரத் எடுத்துக்கொடுக்க, தடுமாறாமல் சொன்னார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதையே நீதிமன்றம் பதிவு செய்து உத்தரவு தருவதற்கு மேலும் மூன்று வாய்தா ஆனது. குழந்தை தாயிடம்; சனி ஞாயிறும் பள்ளி விடுமுறையில் பாதியும் தந்தையோடு மலையில் என்று உத்தரவானது.

எனக்கு வெற்றி என்று எதுவும் தோன்றவில்லை. வழக்கு முடிந்த அன்று வீட்டுக்குப் போய் முழங்காலுக்குத் தைலம் போட்டுக்கொண்டு மாலை ஆறு மணிக்கே படுத்துவிட்டேன்.

மணவிலக்குக்குப் பிறகு பெண் காத்திருக்க வேண்டிய இத்தா காலம் முடிந்ததும் அவள் போளூருக்கு வந்து ஓர் அறை எடுத்து மெஷின் போட்டாள். சில மாதங்கள் கழித்து அவர் என் அலுவலகத்துக்கு வந்தார். ஆரணியில் அவருக்கு இரண்டாவதாகப் பெண் பார்த்திருக்கிறார்கள். பெண் வீட்டார் முதல் மனைவி ஏன் போனாள் என்று விசாரிக்கிறார்களாம்.

"நான் அவளை அடிச்சேன், கொடுமை பண்ணேன்னு கேஸ்ல எதுனா கீதுங்களா?"

மனுவை எடுத்து அந்த வரியைக் காட்டினேன். எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இதை அவளே சொன்னாளா, நீங்க எழுதினதா?"

"நான் வேற மாதிரி எழுதினேன். கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாங்க."

கட்சிக்காரர் ரகசியத்தைச் சொல்லிவிட்டேனே என்று அப்புறம்தான் உறைத்தது. அவர் அந்த வரியை மறுபடி முதலிலிருந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனார். ஆரணிச் சம்பந்தம் கூடி வந்ததா என்று நான் விசாரிக்கவில்லை.

கோர்ட் உத்தரவுப்படி சனிக்கிழமைகளில் அவள் குழந்தையை மலை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் விட்டுவருவாள். கோடை விடுமுறைக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை காலையில் அவளிடமிருந்து எனக்கு போன் வந்தது.

"வர மாட்டேன்னு அழுவுதுங்க மேடம். பஸ்ல வாந்தி வருதாம். ஃபிரண்டு வூட்ல விளையாடணுமாம். அனுப்பலன்னா கோர்ட்டுல தப்பாயிடுமா?"

உத்தரவை மீறக் கூடாது என்று வக்கீல் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "அழுவுற புள்ளைய எப்படிங்க தூக்கிப் போட்டுனு போறது?" என்றாள். அவருக்கே போன் பண்ணிப் பேசு என்றேன்.

பேசியிருக்கிறாள். அவர் மதிய பஸ்ஸில் இறங்கி வந்துவிட்டார். அன்று நான் தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்கப் போனபோது தையல் அறைக்கு வெளியே, வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். குழந்தை அவர் மடியில் நோட்டை வைத்து ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து மணி பஸ்ஸுக்கு அவர் கிளம்பினார். அதற்குப் பிறகு பெரும்பாலான சனிக்கிழமைகளில் அவர்தான் இறங்கி வருகிறார். புளி சீசனில் வர முடியாதபோது குழந்தை, வாந்திக்கு ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு, அம்மாவோடு மேலே போகிறது.

உத்தரவில் இருப்பது ஒன்று, நடப்பது ஒன்று. ஒருநாள் புது ரவிக்கைக்கு எனக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தபோது அவளிடம் கேட்டேன், உத்தரவைத் திருத்தச் சொல்லி ஒரு மனு போட்டுவிடலாமா என்று.

வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே தலையை ஆட்டினாள். பிறகு ஊசியை எடுத்துவிட்டு, "வேணாம் மேடம். எங்களுக்குள்ள சரியாத்தான் போய்ட்டு கீது," என்றாள்.

வற்புறுத்தாமல் கையைத் தூக்கி நின்றேன். அவள் தோள் அளவை எடுத்துக் குறித்துக்கொண்டாள்.